அக்கா மனை வாங்கினா, நான் பணத்த பூட்டி வெச்சேன்

அக்கா புது வீட்டு ஜெபத்துல எல்லாரும் கண்ண மூடிக்கினு இருந்தாங்க.

நான் மட்டும் ஜன்னல் எண்ணிக்கினு இருந்தேன். (பதினொண்ணு. பாத்ரூம் சேர்க்காம.)

இது எண்பதுகளோட ஆரம்பத்துல, திருப்பதியில நடந்தது. இப்போ வயசாயிடுச்சு, ஒத்துக்கறேன். வயிறு எரிஞ்சுது.

அதுக்குப் பத்துப் பன்னெண்டு வருஷம் முன்னாடி எங்க நைனா நாகலாபுரத்து நிலத்த வித்து, அக்காவுக்கும் எனக்கும் ஆளுக்கு மூவாயிரம் குடுத்தாரு.

அக்கா திருப்பதியில, மலையடிவாரத்து அலிபிரி பக்கம் ஒரு மனை பார்த்தா. என்னையும் கூட்டிக்கினு போய் காட்டினா. ஒரே கல்லு, முள்ளு.

"பக்கத்து மனையும் விலைக்கு இருக்குது. நீ வாங்கிக்கோடி. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருக்கலாம்"னா.

"இங்க ஆடு கூட மேயாது. என் பணம் என்கிட்டயே பத்திரமா இருக்கட்டும்"னேன்.

சித்தூர்ல எங்க வீட்டுக்கு வந்து டிரங்க் பெட்டியில, புடவைக்கு அடியில வெச்சுப் பூட்டினேன்.

வீட்டுக்காரர் பேங்க்ல போடச் சொன்னாரு. நான் நம்பல. (பேங்க்கையும், அவரையும்.)

வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்குப் புடவை எடுக்கும்போது எண்ணிப் பார்ப்பேன். ஒரு ரூபா குறையாது. அவ்ளோ பெருமை எனக்கு.

வெளியில அரிசி விலை ஏறிச்சு, செங்கல் ஏறிச்சு, பஸ் டிக்கெட் ஏறிச்சு. பெட்டிக்குள்ள அதே மூவாயிரம்.

ஜெபம் முடிஞ்சு பிரியாணி துன்னுக்கினே அக்காவ கேட்டேன்.

"பக்கத்து மனை காலியாத்தானே இருக்குது? நான் பணம் வெச்சிருக்கேன்."

"எவ்ளோடி?"

"நைனா குடுத்த மூவாயிரம். அப்படியே இருக்குது."

அக்கா சிரிக்கல. சிரிச்சிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்.

"ஓனர் இப்போ முப்பதாயிரம் சொல்றாருடி. அப்போ உனக்காக ரெண்டு வருஷம் யாருக்கும் விக்காம நிறுத்தி வெக்கச் சொல்லியிருந்தேன். நீ கேக்கவே இல்ல"ன்னு சொல்லி, என் தட்டுல இன்னொரு கறித்துண்டு வெச்சா.

அதுதான் ரொம்ப எரிஞ்சுது. அவ கெட்டவளா இருந்திருந்தா எனக்கு ஈஸியா இருந்திருக்கும்.

சித்தூர் பஸ்ல வீட்டுக்காரர் "அன்னைக்கே..."ன்னு ஆரம்பிச்சாரு. நான் பார்த்த பார்வையில நிறுத்திட்டாரு.

அடுத்த வாரமே அந்த மூவாயிரத்துல ஒரு ஸ்டீல் பீரோவும் ரெண்டு ஃபேனும் வாங்கினேன். அவ்ளோதான் வந்துது.

நல்ல பீரோ. லாக்கர் கூட இருக்குது. அதுல வைக்கத்தான் ஒண்ணும் இல்ல.

உண்மைய சொல்லுங்க, உங்க வீட்டுல நீங்க அக்காவா, நானா?