நெய்ச் சொம்பில் கிடந்த கரித்துண்டு

எழுபதுகளில் அரிசிக்கு இருந்த கெடுபிடியை இன்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கேரள எல்லையிலிருக்கும் கோபாலபுரம் செக்போஸ்டில் பெர்மிட் இல்லாமல் பிடிபட்டால் வழக்கு. வண்டியும் மாடும்கூட சர்க்காருக்குப் போய்விடலாம். என் அண்ணனுக்கு வண்டியும் மாடும்தான் பிழைப்பு. அது தெரிந்தும், பாலக்காட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் பிள்ளை பெற்றுக் கிடந்த எனக்காக, பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு மூட்டை அரிசியை வைக்கோலுக்கு அடியில் வைத்து ஓட்டி வந்து மாட்டிக்கொண்டார்.

அரிசியோடு போயிருந்தாலும் பரவாயில்லை. மூட்டையைக் கொட்டியபோது உள்ளேயிருந்து வாய் கட்டிய ஒரு நெய்ச் சொம்பும் வந்து விழுந்தது. இது எனக்குத் தெரியாது என்று அண்ணன் சொல்ல, போலீஸ்காரர்கள் சிரித்தார்களாம். ஒளித்ததற்குள்ளே இன்னொன்றை ஒளித்தவன், தேர்ந்த கடத்தல்காரன் என்று எழுதிவிட்டார்கள்.

அரிசி எனக்குத்தான் என்று சொல்வதற்காகக் கைக்குழந்தையோடு கோர்ட்டுக்குப் போனேன். வராந்தாவில் வக்கீல் விளக்கினார். பெர்மிட் இல்லாதது தப்புதான், அதற்கு அபராதம் கட்டித் தொலைக்கலாம். ஆனால் வைக்கோலுக்கு அடியில் எதற்காக வைத்தார்? சட்டத்தை ஏமாற்றி விற்கும் எண்ணமா, வேறு எண்ணமா? வண்டி திரும்பி வருவது அதில்தான் இருக்கிறது என்றார்.

காரணத்தை அண்ணன் என் காதில் மட்டும் சொன்னார். அண்ணிக்குப் பயந்து ஒளித்தாராம். என் கல்யாணத்தில் சீர் வைப்பதில் வந்த சண்டையில் எனக்கும் அண்ணிக்கும் பேச்சே நின்றுபோயிருந்தது. வீட்டு அரிசி எனக்குப் போகிறதென்று தெரிந்தால் ரகளையாகும் என்று மூட்டையை வைக்கோல்போருக்குள் சொருகி வைத்து, பிறகு வைக்கோலோடு வைக்கோலாக வண்டியில் ஏற்றியிருக்கிறார். அதை உள்ளே போய்ச் சொல்லித் தொலையுங்கள் என்று பல்லைக் கடித்தேன். வண்டி என்ன ஆகுமோ என்று அண்ணியும் வந்து எதிர்ச்சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் காதுபட இதைச் சொல்வதற்கு மாட்டையே விட்டுவிடலாம் என்றார் அண்ணன். இப்படியும் ஒரு ஆண்பிள்ளை! எனக்கு வந்த ஆத்திரத்தில் பிள்ளை விழித்து அழ ஆரம்பித்துவிட்டது.

உள்ளே மஜிஸ்ட்ரேட் மலையாளத்தில் கேட்டார், வக்கீல் தமிழில் சொன்னார். வைக்கோலுக்கு அடியில் ஏன்? அண்ணன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொம்பு யாருடையது? தெரியாது என்றார். மஜிஸ்ட்ரேட்டின் முகம் கடுத்தது. சொம்பின் வாய்த்துணியை அவிழ்க்கச் சொன்னார். துணிக்குள்ளே, மூடியின் மேல் ஒரு அடுப்புக்கரித் துண்டும் ஒரு வரமிளகாயும் இருந்தன.

பிள்ளை பெற்றவளுக்குத் தின்ன ஏதாவது கொண்டுபோனால், கண் படாமலிருக்க எங்கள் பக்கம் இப்படித்தான் வைப்பார்கள். விற்கப்போகும் நெய்க்கு யாரும் கரி வைப்பதில்லை. அண்ணனுக்கு இந்தப் பக்குவமெல்லாம் ஏது? நான் திரும்பிப் பார்ப்பதற்குள், உள்ளே வந்து பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்துவிட்டாள்.

“அது நான் வெச்சதுங்க. மாட்டுக்கு வைக்கோல் புடுங்கப் போனப்பவே மூட்டையப் பாத்துட்டனுங்க. இவரு போலீசுக்குப் பயந்து ஒளிக்கலீங்க, எனக்குப் பயந்துதான் ஒளிச்சாரு.”

கோர்ட்டே சிரித்தது. அண்ணன் தலை இன்னும் கொஞ்சம் கீழே போனது. அப்படியானால் நீ எதற்கு ஒளித்து வைத்தாய் என்று மஜிஸ்ட்ரேட் கேட்டார். அண்ணி என் பக்கம் பார்க்கவே இல்லை.

“பச்சை உடம்புக்காரி, நெய் வேணுமில்லீங்க. சொல்லிக் குடுத்தா நான் எறங்கிப் போன மாதிரி ஆயிருமுங்க.”

மஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறைத்தது உண்மைதான், ஆனால் இந்தக் குடும்பம் ஒருவருக்கொருவர்தான் மறைத்திருக்கிறது, சர்க்காருக்கு அல்ல என்றார். அபராதம் போட்டார். அரிசி போய்விட்டது. வண்டியையும் மாட்டையும் விடச் சொன்னார். நெய்க்குத் தடை ஏதும் இல்லையென்று சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் அண்ணி சொம்பை என் பக்கத்தில் வைத்தாள். நான்தான் முதலில் பேச வேண்டும் என்று தெரிந்தும் பிள்ளையின் துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவள் கரித்துண்டை எடுத்து விரலில் தேய்த்து, பிள்ளையின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள்.

“மூக்கு உன்னாட்டவே இருக்குது. கோவமாச்சும் வராம இருக்கட்டும்” என்றாள்.