குளிராத சில்லு

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் ஐஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கூரையிலிருந்து தொங்கும் ஆளுயரக் குளிர்விப்பானைக் கட்டி மேய்ப்பது அவள் வேலை. முனைவர் பட்டம் வாங்கியவள்தான். ஆனாலும் மாமியார் கேட்பவர்களிடமெல்லாம் "ஃப்ரிட்ஜ் பாத்துக்கிற வேலை" என்றே சொல்லிவைத்திருந்தார். அதற்கெல்லாம் அவளுக்குக் கோபம் வந்ததில்லை. கோபம் வந்தது வேறு விஷயத்துக்கு. வேறொருத்தியாக இருந்தால் நாற்காலி பறந்திருக்கும்.

குளிர்விப்பானின் அடித்தட்டில் நகத்தளவு குவாண்டம் சில்லு ஒன்று இருக்கும். கீழ்நிலை, மேல்நிலை என்று அதற்கு இரண்டு நிலைகள். இரண்டிலும் சேர்ந்தாற்போல் இருக்க வல்லது. ஆனால் சரியான தொட்டாற்சிணுங்கி. வெளியிலிருந்து கொஞ்சம் சூடோ இரைச்சலோ எட்டிப் பார்த்தால் போதும், அந்தச் சேர்ந்திருத்தல் கலைந்துவிடும். அப்புறம் எதோடு ஒட்டி உறவாடுகிறதோ, அதன் சூட்டுக்கே தானும் வந்து நின்றுவிடும். அதனால் மேலே சூடான பக்கத்திலிருந்து சில்லுக்கு வரும் கம்பியில், இரைச்சலை விழுங்குவதற்கென்றே சிறு உலோகக் கட்டைகளை மாட்டியிருப்பார்கள்.

அவள் பிரசவ விடுப்பில் போயிருந்த சமயம் பெரிய மனிதர்கள் சிலர் பார்க்க வந்தார்கள். திரையில் சிக்னல் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று துறைத் தலைவர் அந்தக் கட்டைகளைக் கழற்றச் சொன்னார். வந்தவர்கள் கைதட்டிவிட்டுப் போனார்கள். திரும்ப மாட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்தவர்கள் கூட்டம், வாயே திறக்கவில்லை!

அவள் திரும்பி வந்தபோது சில்லு முன்பைவிடப் பல மடங்கு வேகமாகக் கலைந்துகொண்டிருந்தது. தலைவருக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

"தட்டு குளிராத்தாம்மா இருக்கு, வெப்பமானியைப் பாரு. அப்ப இது யாரும் பாக்காத புது விளைவு. கட்டுரை போடறோம். முதல் பேரு உன்னுது. உன் வேலை நீட்டிப்புக்கும் அதைத்தான் காட்டப் போறேன்."

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. சில்லைத் தொந்தரவு செய்யாமல் அது அடங்கும்வரை விட்டுவைத்து அளந்து பார்த்தாள். அந்தக் குளிரில் அது சமர்த்தாகக் கீழ்நிலையில் கிடக்க வேண்டும்; சூடு பட்டால்தான் மேலே ஏறும். இதுவோ அளக்கும்போதெல்லாம் பாதிக்குப் பாதி மேல்நிலையில் ஏறி நின்றது. கம்பியைத் தடவிக்கொண்டு போனவள் கட்டைகள் இல்லாததைக் கண்டுபிடித்தாள்.

"சார், வெப்பமானி தட்டோட கதையைத்தான் சொல்லுது. சில்லு அந்தக் கம்பியோட ஒட்டிக்கிட்டு சூடாயிடுச்சு. ஜன்னலைத் திறந்து போட்டுட்டு ஏசி மேல பழி சொல்ற மாதிரி இருக்கு."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குளிர்விப்பானை நிறுத்தித் திறந்து, அவளே கட்டைகளை மாட்டி மறுபடி குளிரவைத்தாள். சில்லு பழையபடி நின்று நிதானமாக வேலை செய்தது. தலைவர் வந்து திரையைப் பார்த்தார். மெச்சிக்கொண்டாரா? மெச்சுவாராம்!

"என்னத்தைக் கெடுத்து வெச்சே? விளைவையே காணோம். முதல்ல அந்தக் கட்டையைக் கழட்டு."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கெட்டதைச் சரிசெய்தவளைப் பார்த்துக் கெடுத்தாய் என்றால் யாருக்குத்தான் எரியாது?

"நான் கழட்ட மாட்டேன் சார். கட்டுரையில என் பேரும் வேண்டாம்."

"கைக்குழந்தைக்காரி. வேலை வேணாமா உனக்கு?"

அவள் கட்டையைத் தொடவில்லை. நீட்டிப்பும் வரவில்லை.

சில மாதம் கழித்து அந்தப் 'புது விளைவு' கட்டுரை வெளிவந்தது. பஸ் ஓட்டிவிட்டு வந்த கணவர், சட்டைகூட மாற்றாமல் செல்போனில் அதைப் படித்துக்கொண்டிருந்தார். அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லையே, கடைசியில உனக்கு நன்றி சொல்லியிருக்காங்க."

"எதுக்காம்?"

அவர் திரும்ப ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். "சில்லை ஒரு குறையும் இல்லாமக் குளிரா வெச்சிருந்ததுக்காம்."

அவள் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அது குளிராவே இல்லைன்னு சொன்னதுக்குத்தானேங்க எனக்கு வேலை போச்சு."