கிழிஞ்சிடும் என்றாள்

பத்து வருடம் சமூக அறிவியல் நடத்திக்கொண்டிருந்த என்னை ஒரு ஜூன் மாதம் பள்ளி நூலகத்துக்கு மாற்றினார்கள். தொண்டை கெட்டுப்போயிருந்தது. நாளுக்கு ஆறு பீரியட் பேசக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். தலைமையாசிரியை சாவிக்கொத்தை நீட்டி, "புக்கு எதுவும் காணாம போகாம பாத்துக்கோங்க டீச்சர், அது போதும்" என்றார்.

காஞ்சிபுரத்தில் ஊருக்கு நடுவே இருக்கும் பெண்கள் பள்ளி அது. நூலகம் என்றால் நான்கு இரும்பு பீரோ, இரண்டு நீள மேசை, மூலையில் கட்டுக்கட்டாகப் பழைய விடைத்தாள். பீரோக்கள் எப்போதும் பூட்டியே இருக்கும். பிள்ளைகள் கண்ணாடி வழியாகப் பார்த்து, 'அந்தப் பச்சை புக்கு' என்று விரலைக் காட்டுவார்கள். புத்தகத்தின் பெயர் யாருக்கும் தெரியாது.

என்ன செய்வதென்று கேட்க ஆள் இல்லை. செவிலிமேட்டிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து கைபேசியில் 'பள்ளி நூலகம்' என்று தேடுவேன். நூலகர் வேலைக்கான அறிவிப்புகளும் அலமாரி விற்பவர்களின் விளம்பரங்களும் வரும். ஆங்கிலத்தில் தேடினால் வெளிநாட்டு நூலகர்களின் வலைப்பூக்கள். கம்பளம் விரித்த தரை, சாய்ந்து படிக்க மெத்தை. பார்க்கப் பார்க்க அலுப்புதான் மிஞ்சும். ஒரு நாள் வெறுத்துப்போய், வீட்டில் பேசுகிற மாதிரியே, 'புக்கு எடுத்துட்டு திருப்பித் தராத பசங்களை என்ன பண்றது' என்று தட்டினேன். அப்போதுதான் அந்த வலைப்பூ கிடைத்தது. மலையூர் ஒன்றில் பள்ளி நூலகராக இருக்கும் ஒரு பெண்மணி தமிழில் எழுதுவது. அந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு பதிவு போட்டிருந்தார். 'ஒன்றும் பண்ணவில்லை. மூன்று மாதம் காத்திருந்தேன். பாதி வந்தது' என்று அதில் இருந்தது. எனக்கு உடனே அவரைப் பிடித்துவிட்டது.

அவருடைய பக்கத்தின் ஓரத்தில், தான் வாசிக்கும் தளங்களின் பட்டியல் இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தேன். பாதி செத்துப்போனவை. 'இனிமேல் வாரம் ஒரு பதிவு' என்ற உறுதிமொழியோடு நாலு வருடத்துக்கு முன்பே நின்றிருக்கும். மிச்சத்தில் எதைத் தொடர்வது என்பது போகப் போகத்தான் பிடிபட்டது. எல்லாமே வெற்றி என்று எழுதுகிறவர்களை விட்டுவிட்டேன். செய்து பார்த்துச் சொதப்பியதையும் சொல்கிறவர்கள், பின்னூட்டத்தில் யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்கிறவர்கள் என்று ஐந்தாறு பேரை மட்டும் வைத்துக்கொண்டேன். புதுப் பதிவு வந்தால் மின்னஞ்சலில் வரும்படி செய்து, உபயோகமானதை ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். அவர்களைப் பார்த்துத்தான் பீரோக்களைத் திறந்து வைத்தேன். புத்தக முதுகில் வகுப்புக்கு ஒரு நிறமாகப் பொட்டு ஒட்டினேன். அட்டை தெரிகிற மாதிரி ஜன்னல் விளிம்பில் அடுக்கினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள்.

இரண்டாம் வருடம் எனக்கும் ஆசை வந்தது. வலைப்பூ ஒன்றைத் தொடங்கினேன். என் பெயரும் இல்லை, பள்ளியின் பெயரும் இல்லை. பொட்டு ஒட்டியதைப் பற்றி எழுதினேன். பன்னிரண்டு பேர் படித்தார்கள். பழைய விடைத்தாளை அப்புறப்படுத்தியதைப் பற்றி எழுதினேன். ஒன்பது பேர்.

அந்தச் சமயத்தில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தினமும் வந்துகொண்டிருந்தாள். சாப்பாட்டு டப்பாவைக் கழுவிய ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே வந்து, படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை எடுப்பாள். மணி அடித்ததும் வைத்துவிட்டுப் போவாள். வீட்டுக்கு ஒருநாளும் எடுத்துப் போனதில்லை.

"கையெழுத்து போட்டுட்டு எடுத்துக்கினு போயேன்மா" என்றேன்.

"வேணாம் மிஸ். வூட்டுக்கு எடுத்துக்கினு போனா கிழிஞ்சிடும்."

"யாரு கிழிப்பாங்க?"

அவள் குனிந்துகொண்டாள்.

"அப்பாவா?"

பதில் வரவில்லை. பதில் வராததை நான் ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை மதியம் அதைப் பதிவாக எழுதினேன். அவள் சொன்னது கிழிஞ்சிடும் என்று. நான் எழுதியது கிழித்துவிடுவார் என்று. 'மாலையில் அப்பா எந்த நிலையில் வீடு திரும்புவார் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது' என்று ஒரு வரியையும் சேர்த்தேன். அந்த வரி எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. நன்றாக இருக்கிறது என்று தோன்றியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவள் பெயரைப் போடவில்லை. ஆனால் இடது கையால் எழுதுகிறவள், ஏரிக்கரை ஊரிலிருந்து வருகிறவள், அப்பா கம்பெனி வேன் ஓட்டுகிறவர் என்று எல்லாவற்றையும் போட்டேன். இங்கே அவள் ஊரைத் தாமல் என்று நான் சொல்லப்போவதுகூடப் பெயரை மாற்றித்தான். அன்றைக்கு மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை.

மலையூர் நூலகர் அந்தப் பதிவுக்குத் தன் பக்கத்தில் சுட்டி கொடுத்து, ஒரு பத்தியை எடுத்தும் போட்டார். இரண்டு நாளில் பின்னூட்டங்கள் குவிந்தன. 'கண் கலங்கிவிட்டது' என்றார்கள். 'குடிகாரத் தகப்பன்களால் எத்தனை பிள்ளைகள்' என்றார் ஒருவர். குடி என்று நான் எழுதவே இல்லை. ஆனால் இல்லை என்று மறுக்கவும் இல்லை. நன்றி என்று பதில் போட்டேன். யாரோ பத்தியைப் பிரதி எடுத்து வாட்ஸ்அப்பில் விட, அது ஊரெல்லாம் சுற்ற ஆரம்பித்தது.

மூன்றாம் வாரம் அந்தப் பெண்ணின் அம்மா நூலகத்துக்கு வந்தார். வெயிலில் நடந்து வந்த முகம். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கைபேசியை என் மேசைமேல் வைத்தார்.

"இத நீங்கதான் எழுதினீங்களா டீச்சர்? புக்கு பத்தி உங்ககிட்ட மட்டுந்தான் பேசினேன்னு பாப்பா சொல்றா."

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. "ஆமாம்மா" என்றேன்.

"எனக்குப் படிக்க வராது. வேன்ல வர்ற பொண்ணு ஒண்ணு எல்லாருக்கும் படிச்சுக் காட்டுச்சாம். அவரு ஓட்டிக்கினு இருக்காரு, பின்னால இத படிக்கிறாங்க. அவரு பீடிகூட குடிக்கிறது இல்ல டீச்சர். குடிக்கிற டிரைவரு வேணாம்னு கான்ட்ராக்டரு வண்டிய வாங்கி வெச்சிட்டாரு. ஒரு வாரமா வூட்ல குந்திக்கினு இருக்காரு."

"பாப்பாதான் சொன்னா... கிழிச்சிடுவாங்கன்னு..."

"கிழிச்சிடுவாங்கன்னா சொன்னா?"

மேசைமேல் இருந்த கைபேசியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"பெரியவ கிழிப்பா" என்றார். குரல் இறங்கிவிட்டது. "பதினேழு வயசு ஆவுது. பேச்சு வராது. காகிதம் கையில கெடச்சா நீட்டு நீட்டா கிழிச்சிக்கினே இருப்பா. அதுலதான் அவளுக்கு சந்தோஷம். வெளிய யார்கிட்டயும் சொல்றது இல்ல. சின்னவ எப்படி உங்ககிட்ட சொல்லுவா?"

அவர் போனபின் பதிவை அழித்தேன். வலைப்பூவையே அழித்தேன். அதில் ஒரு பிரயோசனமும் இல்லை என்று அழிக்கும்போதே தெரிந்தது. பத்தி மற்றவர்களிடம் இருந்தது. மலையூர் நூலகருக்கு நடந்ததை மறைக்காமல் எழுதினேன். அன்று மாலையே தன் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார். பதில் சுருக்கமாக வந்தது. 'அந்தப் பெண்ணிடம் காட்டிவிட்டுத்தான் போட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். நான் அப்படித்தான் செய்வேன். உங்களிடம் கேட்காமல் சுட்டி கொடுத்தது என் தவறு.' அத்தனை நாளாக அவரை வரி விடாமல் வாசித்திருக்கிறேன். பிள்ளைகளைப் பற்றி எழுதுமுன் அவர்களிடம் காட்டுவதை அவர் எழுதியதே இல்லை. எனக்குக் கேட்கவும் தோன்றியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தாமலுக்குப் பஸ் ஏறினேன். நூலகத்தில் கழித்துக்கட்டிய பழைய பத்திரிகைகள் ஒரு பை நிறைய இருந்தன. பெரிய பெண்ணுக்கு ஆகும் என்று எடுத்துக்கொண்டேன். ஓட்டு வீட்டு வாசலில் அம்மா என் பையைப் பார்த்தார்.

"இது என்னது?"

சொன்னேன்.

"வேணாம் டீச்சர். எடுத்துக்கினு போயிடுங்க. இதுவும் ஒரு கதையாயிடும்."

பையை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன். பெரியவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து செய்தித்தாளை ரிப்பன் ரிப்பனாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். அத்தனை நேராக எனக்குக் கத்தரிக்கோலால்கூட வெட்ட வராது. சின்னவள் என்னைப் பார்த்ததும் பின்கட்டுக்குப் போய்விட்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். என்னைவிடச் சின்ன வயது. இந்த இடத்தில் முதலில், 'அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை' என்று எழுதியிருந்தேன். அச்சுக்குக் கொடுக்குமுன் இதைப் படித்துப் பார்த்த சின்னவள் (இப்போது கல்லூரியில் படிக்கிறாள்) அந்த வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் 'அப்பா பேசினாரு, நீங்கதான் தலையே தூக்கல' என்று எழுதித் தந்தாள். அப்படித்தான் இருந்திருக்கும்.

அவர் சொன்னது எனக்குக் கேட்டது. "மன்னிப்பெல்லாம் எனக்கு வேணாம் மேடம். நீங்க எழுதினது தப்புன்னு உங்க பேர் போட்டு ஒரு பேப்பர்ல எழுதி கான்ட்ராக்டர்கிட்ட குடுங்க. அவருக்கு உங்க பேர் தெரியணும்."

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். கான்ட்ராக்டரின் அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே நின்று, என் பெயரும் பள்ளியும் போட்ட கடிதத்தைக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "டீச்சரா இருந்துக்கினு இப்படிப் பண்ணலாமா?" என்றார். எனக்கு அந்த வார்த்தையைவிட, அங்கே கணினி முன்னால் இருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்து பார்த்ததுதான் தாங்க முடியவில்லை. வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் பழைய வழித்தடம் இல்லை. விடிகாலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் வண்டி. அந்த வேனில் வந்தவர்களில் எத்தனை பேருக்குக் கடிதத்தைப் பற்றித் தெரிந்திருக்கும்? வாட்ஸ்அப்பில் போன பத்திக்குப் பின்னால் என் கடிதம் போகவில்லை.

தலைமையாசிரியையிடம் நானே சொன்னேன். மேலே யாருக்கும் எழுதாமல், எச்சரித்து விட்டுவிட்டார். பீரோக்களைத் திரும்பப் பூட்டச் சொல்வாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை.

அந்தப் பெண் பத்தாம் வகுப்பு முடிக்கிற வரைக்கும் எங்கள் பள்ளியில்தான் இருந்தாள். நூலக பீரியடில் வகுப்போடு வருவாள், எடுப்பாள், வைப்பாள். மதிய நேரத்தில் வருவது நின்றுவிட்டது. சாப்பிட்டுவிட்டு வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருப்பதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். கூப்பிடலாமா என்று எழுந்திருப்பேன். கூப்பிட்டால் மிஸ் சொன்னார்கள் என்று வருவாள், அவ்வளவுதான் என்று திரும்ப உட்கார்ந்துவிடுவேன். அந்த இரண்டு வருடமும் மதியத்தில் அவள் எதையாவது படித்தாளா என்று எனக்குத் தெரியாது. போன மாதம் அவளைப் பார்த்தபோது அதைக் கேட்க வாயெடுத்தேன். பஸ் வந்துவிட்டது என்று சொல்லி ஏறிப் போனாள்.