ஊருக்குப் பிந்தி நட்ட வயல்

என் வீட்டுக்காரர் துபாயில் இருந்துகொண்டே குடவாசல் பக்கத்தில் விவசாயம் பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்துக்கு அவர் போன் வரும். உரம், களை, தண்ணீர் எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே உத்தரவு. ஏ.சி. மெக்கானிக்குக்கு நெல்லின் மேல் அப்படியொரு பாசம்.

கல்யாணமாகிச் சில வருஷம் ஓடிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் அவருக்கு லீவு. இன்னும் விசேஷம் இல்லையா என்று கேட்காத வாய் எங்கள் தெருவில் இல்லை. எனக்கும் ஆசைதான். தனியாக என்ன செய்ய?

அந்த வருஷம் சம்பா நடவுக்கு முன்பே, வருகிற மாசியில் லீவு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "அறுப்பை நான் கண்ணால பாக்கணும். ஒரு மாசம் தள்ளி நடு" என்றார். ஊரே சம்பா நட்டு முடித்த பிறகு, போர் தண்ணீரை நம்பி நட்டேன். புருஷன் பேச்சைத் தட்டாத பெண்டாட்டி நான்!

தை பிறந்ததும் ஊர் வயலெல்லாம் அறுத்தாகிவிட்டது. எங்கள் வயல் மட்டும் பச்சையாகச் சூல்கொண்டு நின்றது. எலிகளுக்கு வேறு போக்கிடம் ஏது? பக்கத்து வயல்காரம்மா சிரித்தார். "எங்க எலியெல்லாம் ஒங்க வீட்டு விருந்துக்கு வந்துடுச்சு. நல்லா கவனி."

மூங்கில் கிட்டிப் பொறி வைத்து எலி பிடித்தோம். பிடிக்கப் பிடிக்கப் பெருகின. பயிர் சூல்கொள்ளும் காலம்தான் எலிக்கும் பிள்ளை பெறும் காலம். வரப்பை வெட்டினால் வளைக்குள் கண் திறக்காத குட்டிகள். தாயோ மறுபடியும் சினை. எனக்குப் பொறாமையாக இருந்தது. எலியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போனில் அவர் குதித்தார். "அதுக்குள்ள எப்புடிடி இவ்வளவு பெருகும்?"

"அதுங்க எதுவும் துபாய்ல இல்லைங்க" என்றேன்.

பூத்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாசியில் வந்தார். அறுக்க ஒன்றும் பெரிதாக மிஞ்சவில்லை. "ஊரோட நட்டிருக்கலாம்" என்றார், என்னமோ தள்ளி நடச் சொன்னது நான் மாதிரி. லீவு முடிந்து போனவர், அடுத்த சம்பா நடவுக்குள் பெட்டி படுக்கையோடு திரும்பிவிட்டார். போனில் விவசாயம் சரிப்படாது என்று ஊருக்குக் காரணம் சொன்னார்.

அந்தத் தடவை ஊரோடு சேர்ந்து நட்டோம். பயிர் சூல்கொண்ட சமயம் எனக்கும் நாள் தள்ளிப்போயிருந்தது. வரப்பில் கிட்டி வைத்துக்கொண்டிருந்தவரிடம் போய்ச் சொன்னேன். கையிலிருந்த கிட்டியைக் கீழே போட்டார். அன்றைக்கு மட்டும் எலிகள் பிழைத்துப் போயின.