பழனியம்மா படியில் தவறி விழவில்லை

வியாழக்கிழமை காலை பால் பூத் வரிசையில் நின்றபோது மல்லிகா அக்கா என்னைத் தேடி வந்தார். "பழனியம்மா போயிட்டா பாப்பா. மண்டையில போட்ட கட்டோடவே போயிட்டா" என்றார். அடிபட்ட நான்காம் நாள். பல்கலைக்கழக மாணவர் விடுதியில் ஒன்பது வருடம் குப்பை அள்ளிய பழனியம்மாவை நம் ஊரிலிருந்து வடக்கே வந்து இங்கே குடிசை போட்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். படியில் தவறி விழுந்தார் என்று விடுதியில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த விடுதி ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கும் என் அப்பா நாளை பத்து மணிக்கு அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் எல்லோரும் தூங்கியபின் இதை எழுதுகிறேன்.

எங்கள் குவார்ட்டர்ஸ் சமையலறை ஜன்னலுக்கு நேரே விடுதியின் குப்பைமேடு. அதைப் பழனியம்மா கையாலேயே பிரிப்பார். மெஸ்ஸில் மிஞ்சிய ரொட்டியும் உருளைக்கிழங்குத் தோலும் எருமைக்காரருக்கு. காகிதம் பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரருக்கு. அடுப்புச் சாம்பல் பாதைக் குழிகளுக்கு. அறைகளிலிருந்து வரும் மூட்டைகள்தான் ஆபத்து. கடலைத் தோலுக்குள் பிளேடு இருக்கும், ஆரஞ்சுத் தோலுக்குள் உடைந்த பாட்டில் இருக்கும். மூட்டையைப் பிரித்ததுமே அது எந்த அறை என்று சொல்லிவிடுவார். "இந்தப் பையா பல்லே விளக்குறதில்ல பாப்பா. ஒரு வருசமா பேஸ்ட் டியூபே வரல. காதல் கடுதாசி மட்டும் தினம் நாலு கிழிச்சுப் போடுறாரு" என்று சிரிப்பார். ஹிந்தியில் 'அண்ணா' என்பதுபோல எல்லா மாணவர்களும் அவருக்குப் 'பையா'தான்.

கூட வேலை செய்த மல்லிகா அக்கா ஒருநாள் மூட்டை ஒன்றை அழுத்தியபோது பாட்டில் துண்டு உள்ளங்கையைப் பிளந்துவிட்டது. துணியைச் சுருட்டி அமுக்கியும் ரத்தம் நிற்கவில்லை. இன்றும் அவருக்கு மூன்று விரல்கள் மடங்குவதில்லை. வார்டனிடம் சொன்னதற்கு, "பசங்கன்னா அப்படித்தான்" என்று பதில் வந்தது. அதன்பிறகு பழனியம்மா அந்தந்த அறையின் கண்ணாடித் துண்டுகளைப் பழைய செய்தித்தாளில் பொட்டலமாகக் கட்டி, அந்தந்த அறை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தார். பலர் வெட்கப்பட்டார்கள். கண்ணாடிக்கென்று தனி டின் வைத்தவர்களும் உண்டு. மூன்றாம் மாடியில் ஒருவன் மட்டும் காலி பாட்டிலை ஜன்னல் வழியே அவர்மேல் எறிந்தான். காது மடல் கிழிந்து தொங்கியது. முந்தானையால் அதைப் பொத்திக்கொண்டு, சிதறிய துண்டுகளையும் பொறுக்கினார்.

"பயமா இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"பயந்தான் கண்ணு. அதுக்காக அவனுங்க குப்பையோட எங்க ரத்தமும் கலக்கணுமா?"

திங்கட்கிழமை பள்ளிவிட்டு வந்து அப்பாவுக்கு டீ கொண்டுபோனேன். மேலே கூச்சல் கேட்டு மாடிப்படி ஏறினேன். வாசலில் வைத்த பொட்டலத்தை அந்த மூன்றாம் மாடிக்காரன் வெறுங்காலால் மிதித்திருந்தான். கால் முழுக்க ரத்தம், கையில் ஹாக்கி மட்டை. "கிஸ்னே ரக்கா?" என்று கத்தினான். யார் வைத்தது என்று கேட்கிறான்.

"நான்தான் பையா. உங்களோடதுதான்" என்றார் பழனியம்மா. குரலைத் தாழ்த்தவில்லை.

முதல் அடி தோளில். கைப்பிடிக் கம்பியைப் பற்றிய விரல்கள் மேல் அடுத்தது. அவர் குனிந்தபோது தலையில் இரண்டு முறை அடித்தான். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அறையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்த இருவர் சிரிப்பை நிறுத்தினார்கள். பிறகு மூவருமாக அவரைக் காலைப் பிடித்து இழுத்துவந்து படியின் அடியில் போட்டார்கள். தூணுக்குப் பின்னால் நான் நின்றேன். கத்தவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அவன் பெரிய இடத்துப் பிள்ளை. அன்று மாலையே விடுதி மேற்பார்வையாளர் எங்கள் வீட்டுக்கு வந்து டீ குடித்தார். "உங்க பொண்ணு மந்திர் மார்க் ஸ்கூலுக்குத் தனியாத்தானே பஸ்ல போறா?" என்று அப்பாவிடம் ஹிந்தியில் விசாரித்தார். நான் பார்த்ததை அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவர் போனதும் அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கி, "நீ எதையும் பாக்கல. சாமி படத்தைத் தொட்டுச் சொல்லுடி" என்றாள். தொட்டுச் சொன்னேன். அப்பா கெட்டவர் இல்லை. திங்கட்கிழமையிலிருந்து அவர் தட்டில் சோறு அப்படியே இருக்கிறது.

இதை இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று மல்லிகா அக்காவுக்கு. படிக்கத் தெரிந்தவர்கள் குடிசைகளில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். மற்றொன்றை அப்பா கையெழுத்துப் போடப் போகும்முன் அவர் சட்டைப் பையில் வைப்பேன். பழனியம்மாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, அவர் அன்று சொன்ன "நான்தான்". யார் எழுதியது என்று காலையில் அப்பா கேட்கும்போது அதைச் சொல்ல வேண்டும். எழுத்தெல்லாம் கோணிப் போயிருக்கிறது. ஆனாலும் படிக்க முடியும்.