மைக்கேல் யாருக்குப் பங்காளி?

கடலூர் முதுநகரில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் சாம்பார் கொதிப்பது ராபர்ட்டின் அண்டாவில்தான். ஜங்ஷனுக்குப் போகிற ரோட்டில் அவருடைய வாடகைப் பாத்திரக் கடை இருக்கிறது. அண்டா, குண்டான், கரண்டி, பிளாஸ்டிக் நாற்காலி, சாமியானா, மைக் செட். எல்லாவற்றிலும் 'ஐரிஷ்' என்று ஒரு வார்த்தை இருக்கும். அண்டாவில் வெட்டியிருப்பார், நாற்காலி முதுகில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருப்பார்.

ஏன் என்று கேட்டால் உட்கார வைத்துச் சொல்லுவார். கேட்காவிட்டால் நிற்க வைத்துச் சொல்லுவார்.

"எங்க தாத்தாவுக்குத் தாத்தா அயர்லாந்துக்காரருப்பா. மைக்கேல் தொர. பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கிட்டு இங்கயே தங்கிட்டாரு. சந்தேகம்னா என் மூக்கப் பாரு."

பார்த்தவர்களுக்கு அது முதுநகர் மூக்காகத்தான் தெரிந்தது. ஆனால் நாளைக்கு நாற்காலி வேண்டுமே. தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

ராபர்ட் படித்தது ஐந்தாம் வகுப்பு. மைக்கேல் துரைக்கு ஆதாரமாக வீட்டில் ஒரு பழைய பைபிள் இருந்தது, அதன் முதல் பக்கத்தில் முன்னோர் பெயரெல்லாம் எழுதியிருந்தது என்பார். 'தானே' புயலில் கூரையோடு பைபிளும் பறந்துவிட்டது. அதற்குப் பிறகு கதை சொல்ல இன்னும் வசதியாகப் போயிற்று.

இந்தப் பெருமை ஒருமுறை நிஜமாகவே கைகொடுத்தது. மகள் பிரிசில்லா நர்சு படித்து, வேலைக்கென்று அயர்லாந்துக்கே போய், டெக்லன் என்ற பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். ராபர்ட்டின் மனைவி விருத்தாம்பாள் வீட்டார் இந்துக் குடும்பம், பண்ருட்டிப் பக்கம் விவசாயம். ராபர்ட்டுக்குப் பெண் கொடுத்ததையே அவர்கள் இன்னும் முழுசாக ஜீரணித்திருக்கவில்லை. வெள்ளைக்காரன் என்றதும் குதித்தார்கள். ராபர்ட் ஒரே போடாகப் போட்டார்.

"யாரோ எவனோ இல்ல. சொந்தத்துலதான் குடுக்கிறேன்."

கல்யாணத்துக்கு டெக்லனின் அம்மாவால் வர முடியவில்லை, முழங்கால் ஆபரேஷன். அப்பா இல்லை. பிள்ளை வீட்டார் என்று எதிரே ஆளில்லாமல் எப்படித் தாம்பூலம் மாற்றுவது? அந்த மாதிரி நேரத்தில் உள்ளூரில் ஒரு குடும்பம் மாப்பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டு நிற்பது வழக்கம். விருத்தாம்பாளின் அண்ணன் கண்ணாயிரம் நின்றார். நின்றார் என்று சொன்னால் போதாது. சம்பந்தி வேட்டியைக் கட்டினார், மோதிரத்தைப் போட்டுக்கொண்டார், காப்பி ஆறிப்போச்சு என்று கோபித்துக்கொண்டு மாட்டுக் கொட்டாயில் போய் உட்கார்ந்தார். டெக்லனின் சொந்த அப்பா இருந்திருந்தால்கூட அவ்வளவு செய்திருக்க மாட்டார்.

இப்போது குழந்தை பிறந்துவிட்டது. பெண். பெயர் நோரா. காதுகுத்துக்காக அழைத்து வந்திருந்தார்கள். ராபர்ட் கடையைப் பூட்டிவிட்டு, பேத்தியை இறக்காமல் தெருத்தெருவாகச் சுற்றினார். அவளுக்குத் தலை நிறைய செம்பட்டை முடி.

"பாத்தியா, எங்க முப்பாட்டன் முடி அப்டியே வந்துருக்குது" என்று எல்லோரிடமும் சொன்னார். பக்கத்திலேயே டெக்லன், தலை நிறைய செங்கல் நிற முடியோடு, சிரித்துக்கொண்டு நிற்பான். அவனுக்குத் தமிழில் தெரிந்தது இரண்டு. "மாமா" ஒன்று, "சாப்டாச்சா" இன்னொன்று.

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் என்றால் பிரிசில்லாவின் தம்பி செம்பியன். சிதம்பரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். 'தாய்மாமன் ஆனதால் கடை விடுமுறை' என்று, கூலிங்கிளாஸ் போட்ட தன் படத்தோடு பேனர் கட்டிவிட்டு வந்திருந்தான்.

புதன்கிழமை சாயங்காலம் டெக்லனின் அம்மா பிரிஜெட் வீடியோ காலில் வந்தாள். அந்த அம்மாவுக்கு முன்னோரைத் தேடுவதே வேலை. புருஷன் வீட்டார் கிளேர் என்ற ஊர்ப்பக்கம் உருளைக்கிழங்கு போட்டுப் பிழைத்த குடும்பம். பஞ்சத்தில் பாதிப் பேர் போனார்கள், மிச்சப் பேர் கப்பலேறினார்கள். பழைய பதிவெல்லாம் டப்ளினில் ஒரு சண்டையில் எரிந்துபோய், அங்கொரு பெயரும் இங்கொரு பெயருமாகத்தான் கிடைக்கிறது. இந்தத் தடவை ஒன்று கிடைத்திருந்தது. பிரிசில்லா தமிழில் சொன்னாள்.

"டெக்லன் அப்பாவோட பாட்டனுக்குப் பாட்டன் பேரு தாமஸாம். அவருக்கு ஒரு தம்பி. பட்டாளத்துல சேந்து இந்தப் பக்கம் வந்தாராம். கடலூர்ல இருக்காருன்னு ஒரே ஒரு தகவல் வந்துச்சாம். அப்பறம் இன்னா ஆனாருன்னே தெரியலயாம்."

"பேரு?" என்றார் ராபர்ட்.

"மைக்கேல்."

ராபர்ட் குழந்தையோடு எழுந்து நின்றுவிட்டார். அத்தனை வருஷமாக ஆளில்லாமல் சுமந்த பெருமைக்கு அயர்லாந்திலிருந்தே சாட்சி வந்துவிட்டது. "நான் சொல்லல? சொன்னா நம்புனீங்களா?" என்று சுவரைப் பார்த்தெல்லாம் கேட்டார். போனுக்குள் பிரிஜெட் அழுதாள். வெளியே ராபர்ட் அழுதார். ஒருவர் பேசியது இன்னொருவருக்குப் புரியவில்லை, அதனால் தடையில்லாமல் அழ முடிந்தது.

முறுக்குத் தின்றுகொண்டிருந்த கண்ணாயிரம் மட்டும் வாயசைப்பதை நிறுத்தினார். விரல்களை மடக்கி என்னவோ கணக்குப் போட்டார். போன் வைக்கும்வரை பொறுத்திருந்து கேட்டார்.

"மச்சான். தாமசும் மைக்கேலும் யாரு?"

"அண்ணன் தம்பி."

"அண்ணன் வழியில வந்தவரு மாப்ள. தம்பி வழியில வந்தவன் நீ. ரெண்டும் ஆம்பள வழி. அப்ப நீயும் மாப்ளயோட அப்பாவும் என்னா முறை?"

"பங்கா..." என்று சிரித்தபடி ஆரம்பித்த ராபர்ட் பாதியில் நின்றார். சிரிப்பு மட்டும் இறங்குவதற்கு வழி தெரியாமல் முகத்திலேயே இருந்தது.

"பங்காளிப் புள்ளைங்க ஒருத்தருக்கொருத்தர் என்னா முறை?"

அடுப்பில் குக்கர் ஒரு விசில் விட்டது.

"அண்ணா, முறுக்கத் துன்னுட்டு சும்மா இரு" என்றாள் விருத்தாம்பாள்.

"நான் சும்மா இருந்துருவேன். ஞாயித்துக்கெழம வர்ற சனம் இருக்குமா? அண்ணன் தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிருக்கோம். செம்பியன் மாப்ளைக்கு மச்சான் இல்ல, தம்பி. அப்ப கொழந்தைக்குத் தாய்மாமன் இல்ல, சித்தப்பன். சித்தப்பன் மடியில வெச்சி எந்த ஊர்ல காது குத்துறாங்க?"

"அஞ்சாறு தலமுற ஆச்சே மச்சான்."

"பங்காளிக்கு எக்ஸ்பயரி டேட் போட்டுருக்கா?"

செம்பியன் தோட்டு டப்பாவை மூடினான். "மாமா, நான் பேனரெல்லாம் கட்டிட்டேன்" என்றான் பரிதாபமாக.

என்ன நடக்கிறது என்று டெக்லன் கேட்க, பிரிசில்லா காதில் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிமிர்ந்து, "சாப்டாச்சா?" என்றான்.

ராபர்ட்டுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மகன் மடியில் பேத்தி உட்கார வேண்டும். உட்கார வேண்டுமென்றால் மைக்கேல் தன் பாட்டனாக இருக்கக் கூடாது. ஊரில் எல்லோரும் முன்னோரைக் கண்டுபிடிக்க அலைவார்கள். ராபர்ட் இருந்த ஒரு முன்னோரையும் தொலைக்கக் கிளம்பினார்.

கூடவே டெக்லனும் கிளம்பினான். மாமா தன் அம்மாவுக்காகத்தான் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, தொப்பி வைத்து, முகமெல்லாம் வெள்ளையாகக் கிரீம் பூசி வந்தான்.

முதலில் பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். ஒரே முள்ளு. எழுத்தெல்லாம் தேய்ந்த கற்கள். டெக்லன் ஒவ்வொரு கல்லாகக் குனிந்து படிக்கப் படிக்க, ராபர்ட் பின்னால் நின்று, "ஏசப்பா, இது வேணாம், இது வேணாம்" என்று ஜெபித்தார். கடைசியில் ஒரு மூலையிலிருந்து டெக்லன் கத்தினான். பாதிக் கல் ஒன்று. அதில் மைக்கேல் என்ற பெயர் மட்டும் இருந்தது. மிச்சப் பாதி எந்த வீட்டிலோ துணி துவைக்கிற கல்லாக இருக்க வேண்டும்.

"இது வேற மைக்கேல்" என்றார் ராபர்ட் உடனே. எப்படி என்று டெக்லன் கையை விரித்தான். "பாத்தா தெரியல?" என்று சொல்லிவிட்டு ராபர்ட் வேகமாக நடந்தார்.

பழைய ஞானஸ்நானப் புத்தகம் ஒன்றைக் கெஞ்சிக் கூத்தாடிப் பார்த்தார்கள். வேண்டிய பக்கங்களில் கரையான் குடும்பம் நடத்திவிட்டுக் காலி செய்திருந்தது.

வெள்ளிக்கிழமை சிதம்பரம் பஸ் ஏறினார்கள். அண்ணாமலை நகரில் ராபர்ட்டின் சித்தப்பா மகன் செந்தமிழ்செல்வன், மாணவர்களுக்கு லாட்ஜ் வைத்திருக்கிறார். குடும்பத்தில் மைக்கேலைப் பற்றிக் கேட்க மிச்சமிருந்தவர் அவர்தான்.

"தம்பி, நம்ம மைக்கேல் தொர நெஜமாவே அயர்லாந்துக்காரரா?"

"யாருண்ணே சொன்னது? பிரெஞ்சுக்காரர்னுல்ல எங்கப்பா சொல்லுவாரு. பென்ஷன் வருமான்னு பாண்டிச்சேரிக்கே போயி கேட்டாரு."

"வந்துச்சா?"

"வாட்ச்மேன்தான் வந்தாரு. வெளிய அனுப்புறதுக்கு."

ராபர்ட்டுக்கு நெஞ்சில் கொஞ்சம் காற்று நுழைந்தது. பிரெஞ்சுக்காரர் என்றால் பங்காளி இல்லை.

"ஆனா எங்க அத்த வேற சொல்லும்" என்றார் செந்தமிழ்செல்வன், டீயை ஆற்றிக்கொண்டே. "மைக்கேல்னு தொரயே கெடையாதாம். அது தொரயோட குதுர பேராம். நம்ம பாட்டன் அந்தக் குதுரையப் பாத்துக்கிட்டவராம்."

குதிரை யாருக்கும் பங்காளி ஆகாது. முறை தப்பவில்லை, செம்பியன் மடி பிழைத்தது. ஆனால் முதுநகரில் எந்தப் பந்தலுக்குப் போனாலும், நாற்காலி முதுகிலெல்லாம் ஒரு குதிரைக்காகப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறோமே.

"மைக்கேல்?" என்று டெக்லன் ஆவலாகக் கேட்டான். ராபர்ட் அவனுக்கு இன்னொரு வடையைக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் டெக்லன் தூங்கி, மாமனார் தோளில் சாய்ந்தான். நல்ல பையன், மகன் மாதிரி இருக்கிறான் என்று நினைத்த ராபர்ட், நினைத்ததும் திடுக்கிட்டு, "மருமவன், மருமவன்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் சாமியானா போட்டாயிற்று. சனம் நிறைந்துவிட்டது. ஆசாரி ஊசியோடு தயார். மணையில் உட்கார வேண்டிய செம்பியன், பட்டு வேட்டி கசங்காமல் ஓரமாக நின்றான். கண்ணாயிரம் கையைக் கட்டிக்கொண்டு முன் வரிசையில் இருந்தார். விஷயம் பண்ருட்டி வரைக்கும் போயிருந்தது.

ராபர்ட் தன் சொந்த மைக்கைக் கையில் எடுத்தார். இருந்தது ஒரே ஒரு பெருமை. பேத்தி காதுக்கு முன்னால் அது என்ன பெரிய பெருமை.

"சொந்தக்காரங்களே. ஒரு விஷயம் சொல்லிடுறேன். நாங்க ஒண்ணும் அயர்லாந்துக்காரங்க கெடையாது. மைக்கேல்ங்கிறது வந்து..."

மைக் கையிலிருந்து பறந்தது. விருத்தாம்பாள் பிடுங்கியிருந்தாள். மூன்று நாளாக அவள் இந்த விஷயத்தில் வாயே திறக்கவில்லை, சமையலில் இருந்தாள். இப்போது நேராக அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணா. இவங்க கல்யாணத்துல மாப்ளைக்கு அப்பாவா ஒக்காந்து தாம்பூலம் மாத்துனது யாரு?"

"நான்தான். அதுக்கின்னா?"

"அப்ப டெக்லன் யாரு புள்ள?"

கண்ணாயிரம் கட்டியிருந்த கையைப் பிரித்தார்.

"பிரிசில்லா உனக்கு யாரு?"

"தங்கச்சி மவ."

"உன் புள்ள உன் தங்கச்சி மவளக் கட்டியிருக்கான். அத்த மவ. இதவிட நல்ல முறை இந்த ஜில்லாவுல எங்க இருக்குது?"

"அது சும்மா சடங்குக்காக..."

"சடங்குக்கா? அப்ப மோதிரத்தக் கழட்டு. காப்பிக்குக் கோச்சிக்கிட்டு மாட்டுக் கொட்டாயில ஒக்காந்தியே, அதுவும் சடங்கா?"

சாமியானாவே குலுங்கியது. கண்ணாயிரம் வீம்புக்கு மோதிரத்தைத் திருகிப் பார்த்தார். விரல் பருத்துவிட்டதால் அதுவும் வரவில்லை. அப்போதுதான் அவர் முகத்தில் வேறொரு கணக்கு ஓடியது.

"அப்பிடின்னா... நான் அப்பா வழித் தாத்தாவா?"

"பின்ன?"

கண்ணாயிரம் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். ராபர்ட் இடுப்பிலிருந்த குழந்தையை எட்டி வாங்கினார். "டேய் செம்பியா, தாய்மாமன் இன்னாடா ஓரமா நிக்கிற? ஒக்காரு" என்று அதட்டினார். பிறகு நோராவின் முடியைத் தடவி, அப்படியே தன் வழுக்கையையும் தடவிக்கொண்டு, "எனக்கும் சின்ன வயசுல செம்பட்டதான்" என்றார்.

ராபர்ட்டுக்கு அதுதான் தாங்கவில்லை. ஆனால் செம்பியன் மணையில் உட்கார்ந்து, மடியில் நோரா உட்கார்ந்ததைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். ஆசாரி குத்தினார். நோரா கொஞ்சம் அழுதாள். செம்பியன் அதைவிட ஜாஸ்தி அழுதான். டெக்லனைத்தான் ஐரிஷ் நாற்காலி ஒன்றில் உட்கார வைத்துச் சோடா கொடுக்க வேண்டியிருந்தது.

போனில் பிரிஜெட் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னவோ கேட்டாள்.

"அப்பா, மைக்கேலப் பத்தி ஏதாவது தெரிஞ்சிதான்னு அத்த கேக்குறாங்க" என்றாள் பிரிசில்லா. "இங்க வந்து கஷ்டப்பட்டாரோ என்னவோன்னு அவுங்களுக்குக் கவலையாம்."

ராபர்ட் யோசித்தார். போனில் தெரிந்த அந்த அம்மா முகத்தைப் பார்த்தார். துரையோ குதிரையோ, தன் பாட்டன் பார்த்துக்கொண்டார் என்றால் நன்றாகத்தான் பார்த்திருப்பார்.

"கவலப்பட வேணாம்னு சொல்லும்மா" என்றார். "மைக்கேல் எங்க வூட்டோடதான் இருந்தாரு. வேளாவேளைக்கு வயிறாரச் சாப்புட்டாரு."

கொள்ளு என்று வாய்வரைக்கும் வந்தது. அதை மட்டும் விழுங்கிவிட்டார்.