துரை பாவித்த வண்டி

அம்மாவுக்கு இழுப்பு. டயகமப் பக்கம், மலை உச்சியில் எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். கிளினிக் போய்த் திரும்பும் நாளெல்லாம் ஹயர் வான்காரன் எங்களை ஃபேக்டரி வாசலிலேயே இறக்கிவிடுவான். "இதுக்கு மேல ஏறாதுங்க." அதற்குமேல் அம்மா நாலடி நடப்பாள், தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், மறுபடி நடப்பாள். அவளை லயத்து வாசலில் கொண்டுபோய் இறக்க வேண்டும். அதற்காகத்தான் கார் தேடினேன். ஆசிரியர் வேலை கிடைத்த பிறகு எனக்கு இருந்த ஒரே ஆசை அது.

இரண்டு கார்கள் அகப்பட்டன. இரண்டுமே தொண்ணூறுகளில் ஜப்பானிலிருந்து வந்தவை. ஒன்று, என்னோடு படிப்பித்த யாழ்ப்பாணத்து மாஸ்டருடையது. ஏற்றத்தில் எஞ்சினுக்கு உந்து தரும் டர்போ அதில் கிடையாது. மனிதர் பானட்டைத் திறந்து காட்டினார், சாவியைக் கையில் தந்து ஏற்றத்தில் ஓட்டச் சொன்னார், குறையையும் தானே சொன்னார்.

"கிளச் கொஞ்சம் தேய்ஞ்சு போச்சு மாஸ்டர். ஏத்தத்தில ஆறுதலா, மெள்ளத்தான் போகும். ஆனா நிக்காது."

மற்றது எங்கள் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் டர்போ டீசல். மற்ற வண்டிகள் முக்கி முனகும் வளைவில் அது விசிலடித்துக்கொண்டு ஏறியதைத் தோட்டமே பார்த்திருக்கிறது. பங்களாத் தோட்டத்தில் வேலை செய்த அப்பா அதைத் தினமும் கழுவித் துடைத்தவர். வெளிப்பக்கம் முழுக்க அவருக்கு அத்துப்படி. உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்கு யார் காட்டினார்கள்?

"கொறைய சொல்லி விக்கிறவன் வண்டி நமக்கு எதுக்குய்யா? தொர வண்டி யான மாதிரி. இருந்தாலும் ஆயிரம் பொன்னு, செத்தாலும் ஆயிரம் பொன்னு" என்றார் அப்பா.

பங்களாவுக்குப் போனோம். அப்பா கேட்டிலேயே செருப்பைக் கழற்றினார். வண்டியை நாங்கள் போகுமுன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தார்கள். டர்போ வண்டியென்றால் குளிர்ந்து கிடக்கும்போது கிளப்பிப் புகையைப் பார்க்க வேண்டும், ஏற்றத்தில் ஓட்ட வேண்டும் என்று விசாரித்து வைத்திருந்தேன். "சேர், ஏத்தத்துல ஒருக்கா..." என்று தொடங்கும்போதே அப்பா என் கையை அழுத்தினார்.

"அதெல்லாம் வேணாங்க தொர. நீங்க பாவிச்ச வண்டியில எங்களுக்கு என்னாங்க பாக்க இருக்கு?"

துரை சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு எரிகிறது. திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா ஏசினார். "தொரகிட்ட போயி ஓட்டிப் பாக்கணும்னு கேப்பியா? படிச்சிட்டா மட்டு மருவாத இல்லாம போயிருமா?"

துரையின் வண்டியையே வாங்கினோம். ஓரிரு மாதத்திலேயே அது நீலப் புகை கக்கியது. விசில் நின்றது. டர்போ எப்போதோ செத்துவிட்டது, ஒப்புக்குத்தான் சுற்றிக்கொண்டிருந்தது என்று ஹட்டன் கராஜில் சொன்னார்கள். துரைக்கு அது தெரிந்திருக்கும். தெரியாமலா நாங்கள் போகுமுன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்தார்? சமதரையில் கார் ஓடும். எங்கள் மலையில் சமதரை எங்கே இருக்கிறது?

அடுத்த கிளினிக் நாளில் திரும்பி ஏறும்போது, பங்களாவுக்குக் கீழே வளைவில் கார் நின்றுவிட்டது. அம்மா இறங்கிச் செடியைப் பிடித்துக்கொண்டாள். நான் ஸ்டியரிங்கில், அப்பா பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். எதிரே துரையின் புது ஜீப் வந்து நின்றது.

அப்பா காரிலிருந்து இரண்டு கையையும் எடுத்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் குனிந்தார். கார் பின்னால் உருண்டது. பிரேக்கை மிதித்துப் பிடித்தேன். வண்டி எப்படிப் போகிறது என்று துரை கேட்டார்.

"ராசா மாதிரி ஓடுதுங்க தொர."

ஜீப் போனது. அம்மா அப்பாவைப் பார்த்து என்னவோ சொல்ல வாயெடுத்தாள். மூச்சு வரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.